உன் லாகினில் நான் போட்ட வட்டம்

நேற்று அலுவலகத்தில் எங்கள் வரிசையை ஜன்னல் பக்கமாக மாற்றினார்கள். பழைய மேசையின் இழுப்பறையைக் காலி பண்ணும்போது, சார்ஜர் ஒயர்களுக்கு அடியில் உன் கையுறை கிடந்தது. கையுறை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். உன் மகளின் பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றை வெட்டி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் நுழைகிற மாதிரி நீயே தைத்துக்கொண்டது. கம்ப்யூட்டர் பலகையில் பேனாவால் எழுதும்போது கை வியர்த்து ஒட்டுகிறது என்று அதை மாட்டிக்கொள்வாய். இதற்கென்றே கடையில் விற்கிறார்களே, ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்று நான் சொன்னதற்கு, "ஒத்த சாக்ஸ் தொலஞ்சி போச்சு மாமி. மத்தது சும்மா கெடக்காண்டாம்லா" என்றாய். வெள்ளையாக இருந்தது, பழுப்பேறிவிட்டது. யாரும் பார்க்காதபோது முகர்ந்து பார்த்தேன். பழைய துணி வாசனை மட்டும்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிற தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியாததல்ல.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், ஆன்லைனில் பாடம் சொல்லித் தருகிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குப் புரியாத கணக்கைப் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். நாம் பலகையில் எழுதிக்கொண்டே பேசி விளக்கி அனுப்ப வேண்டும். மஸ்கட்டிலிருந்து ஒரு பையன், துபாயிலிருந்து ஒரு பெண், சில சமயம் இங்கே அடுத்த தெருவிலிருந்தே ஒரு குழந்தை. தமிழில் கேட்டால் தமிழ், மலையாளத்தில் கேட்டால் மலையாளம், இரண்டும் கலந்து கேட்டால் இரண்டும் கலந்து. ஸ்ரீவராகத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டு, காலேஜில் பல வருஷம் தற்காலிக விரிவுரையாளராகக் குப்பை கொட்டியவள் நான். நீ நாகர்கோவில் பக்கத்துக்காரி, கணக்கில் எம்.எஸ்ஸி. உன் வீட்டுக்காரர் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். நமக்கு ஒரே வயசு. ஆனால் முதல் நாள் என் பேச்சைக் கேட்டதுமே மாமி என்று ஆரம்பித்துவிட்டாய், கடைசிவரைக்கும் விடவில்லை. கிழக்கே கோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் சீட்டுக்கு நமக்குள் நடந்த சண்டையைப் பார்த்தால் யாரும் நம்மை டீச்சர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ கணக்கில் என்னைவிடக் கெட்டி. இதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் உனக்கு வட்டம் வராது. எத்தனை தடவை போட்டாலும் ஒரு பக்கம் நீண்டு போகும். பலகையிலேயே வட்டம் போடுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. நீ அதைத் தொட மாட்டாய். பரீட்சையில் பிள்ளை கையால்தானே போடுகிறது, டீச்சரும் கையாலேயே போட்டால் அதற்கும் பயம் போகும் என்பாய். கோழிமுட்டை டீச்சர் என்று உனக்குப் பட்டம் கட்டியது நான்தான். என் வட்டம் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வரும். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

பிள்ளைகள் புராஜெக்டை அனுப்பி, அப்படியே எழுதிக் கொடுங்கள் என்று கேட்பார்கள். குறிப்பு மட்டும்தான் கொடுக்கலாம், எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் பாதிப் பேர் அந்தச் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டோம். எழுதிக் கொடுத்தால் ஐந்து நட்சத்திரம் கிடைக்கும், கொடுக்காவிட்டால் ஒன்று. நீ மட்டும், "நீ எழுதினத மொதல்ல காட்டு மக்ளே, மோசமா இருந்தாலும் சாரமில்ல" என்று உட்கார்ந்திருப்பாய். "எழுதிக் குடுத்துட்டுப் போயேண்டி, நமக்கென்ன வந்துது?" என்று நான் கேட்டிருக்கிறேன். "நான் எழுதினா மார்க்கு எனக்கில்லா போடணும்?" என்று சிரித்தாய். மாதக் கடைசியில் மதிப்பெண் பட்டியல் ஒட்டும்போது உன் பெயர் எப்போதும் கீழே இருக்கும்.

அந்த மதிப்பெண்ணுக்குப் பயந்துதான் நமக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. திரையை ஐந்து நிமிஷம் தொடாமல் விட்டால் நம் பெயர் சிவப்பாகிவிடும். கேள்வி வந்து பதில் போகாவிட்டால் இன்னும் மோசம். அதனால் பாத்ரூமுக்குப் போகிறவள் பக்கத்து சீட்டுக்காரியிடம், "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். பக்கத்து சீட்டுக்காரி அவள் நாற்காலியில் உட்கார்ந்து, குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பேசாமல், அவள் லாகினிலேயே எழுதி மட்டும் பதில் போட்டு வைப்பாள். விதிப்படி பார்த்தால் தப்பு. எல்லோரும் செய்தோம், யாரும் வெளியே பேசியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். உன் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல். "மாமி, ரெண்டு மினிட்டு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் ஓடினாய். நான் உன் நாற்காலிக்கு நகர்ந்தேன். உடனே ஒரு கேள்வி வந்து விழுந்தது. வட்டம், வெளியே ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள், ஒரு கோணம் கண்டுபிடிக்க வேண்டும். அழகான கணக்கு. போட்டோ சாய்வாக, மடியில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் மேசை விளிம்பு, அதில் ஒட்டிய பதிவெண் சீட்டு, அதற்கப்பால் இன்னொரு பிள்ளையின் வரிசை. பரீட்சை ஹாலிலிருந்து வந்த போட்டோ. அப்படி வந்தால் பதில் போடக் கூடாது, சிவப்புக் கொடியை அழுத்தி ஒரு படிவத்தை நிரப்பி மேலே அனுப்ப வேண்டும்.

அவசரத்தில் கவனிக்கவில்லை என்றுதான் இந்த நாலு வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். கவனித்தேன். பதிவெண் சீட்டு கண்ணில் பட்டது. படிவத்தை நிரப்பச் சோம்பல். உன் பெயரில் ஒரு கேள்வி விழுந்துபோகக் கூடாது என்கிற நல்லெண்ணமும் கொஞ்சம் இருந்தது, ஆனால் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. இரண்டு நிமிஷத்தில் போட்டு அனுப்பினேன். நீ திரும்பி வந்ததும், "ஒண்ணு வந்துது, போட்டுட்டேன்" என்றேன். "பெரிய உபகாரம் மாமி" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிவர ஓடினாய்.

பத்து நாள் கழித்து கண்ணாடி அறைக்குள் நம் குழுவை முழுக்கக் கூப்பிட்டார்கள். அந்தப் பையன் போனோடு பிடிபட்டிருக்கிறான். பள்ளிக்கூடம் புகார் அனுப்பியிருக்கிறது. சுவர் டிவியில் அந்தப் பதில் பெரிதாகத் தெரிந்தது, மேலே உன் பெயர். நான் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து நின்றாய்.

"இது நான் போட்டதில்ல சார். வட்டத்தப் பாருங்க. இத்தன உருண்டையா நான் எப்பம் போட்டிருக்கேன்?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். நீயும் கொஞ்சம் சிரித்தாய். வட்டத்தைப் பார்த்தாலே எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினாய். மானேஜர் என் பக்கம் திரும்பினார். மாதாமாதம் எல்லோருடைய விளக்கங்களையும் சரிபார்க்கிற வேலை என்னுடையது. யார் கையெழுத்து எது என்று என்னைவிடத் தெரிந்தவர் அங்கே கிடையாது.

"டீச்சரே, ஒந்நு நோக்கிப் பறயூ. இது ஆருடெ எழுத்தா?"

"அவளோடதுதான் சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவ லாகின்தானே, வேற யாரோடதா இருக்கும்? சில நாள் அவளுக்கும் வட்டம் நன்னா வரும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை போட்ட கணக்கில் எந்த வரியில் பிசகியது என்று தேடுவாயே, அப்படிப் பார்த்தாய். உனக்குப் போன் வந்ததையும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதையும் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். செய்யவில்லை. உட்கார்ந்துவிட்டாய்.

எனக்கு அந்த வேலை போயிருந்தால் அடுப்பு எரியாமல் போயிருக்காது. என் வீட்டுக்காரருக்கு நல்ல உத்தியோகம். அதை நினைத்தால்தான் இன்னும் அவமானமாக இருக்கிறது. பிழைப்புக்காகப் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. சாயங்காலம் தெருவில் நாலு பேர் டீச்சர் டீச்சர் என்று கூப்பிடுவதற்காகச் சொன்னேன். பரீட்சை ஹாலுக்குப் பதில் அனுப்பியவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அந்தப் பெயரை உன் தலையில் கட்டினேன்.

அன்றைக்கே உன்னை அனுப்பிவிட்டார்கள். டிபன் டப்பா, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, "வாறேன் மாமி" என்றாய். சரி என்பதுபோல் தலையை ஆட்டினேன். உன் பஸ் போகிறவரைக்கும் ஐந்தாவது மாடியிலேயே நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் தனியாக வந்தேன்.

இந்தத் திங்கட்கிழமை மானேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பழைய ஆள் இல்லை, புதியவர், சின்ன வயசு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதொக்கெ பழைய காரியமல்லே டீச்சரே, விட்டேக்கூ. ஆ டீச்சர் இப்போ வேறெ எவிடெயெங்கிலும் நல்ல ஜோலியிலாயிரிக்கும்" என்றார். நீ இப்போது வேறெங்காவது நல்ல வேலையில் இருப்பாயாம். அவள் செத்துப்போய் ஒரு மாதமாகிறது என்றேன். "அய்யோ, சாரி" என்றார். எனக்கு ஒரு மெமோ கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

நீ வேலையை விட்டுப் போன பிறகு உன்னை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சாயங்கால பஸ்ஸில். நீ ஏறியபோதே பார்த்துவிட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மாமி, மெலிஞ்சி போனியே" என்றாய். ஒரு டியூஷன் சென்டரில் வேலை கேட்டுப் போனதையும், பழைய அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அவர்கள் வேண்டாம் என்று சொன்னதையும் கதை மாதிரி சொன்னாய். வீட்டிலேயே, ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

"ஒரு அப்பன் வந்தான் கேட்டியா. 'டீச்சரு பரிச்ச நேரத்துல போன்ல பதிலு சொல்லிக் குடுப்பீங்களாமே, எம் மவனுக்கும் சொல்லணும்'ங்கான். அதுக்குன்னே தேடிப் பிடிச்சி வந்திருக்கான் பாத்துக்கோ!"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், உன்னைவிடச் சத்தமாக. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும், "பின்ன, வேற என்ன விசேஷம்? சொல்லு" என்றாய். நான் மழையைப் பற்றிச் சொன்னேன். மேம்பாலத்துக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருப்பதைப் பற்றிச் சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டை விற்றுவிட்டார்களே, அதைப் பற்றி விலாவாரியாகச் சொன்னேன். நீ எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாய். கோட்டையில் இறங்கும்போது என் கையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாய்.

இந்த மழைக்கு எலிக்காய்ச்சல் வந்து, மெடிக்கல் காலேஜில் நாலு நாள் கிடந்து போய்விட்டாய். பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் உன் போட்டோவைப் போட்டிருந்தார்கள். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். நான் உன் நெருங்கிய சிநேகிதி என்று, நாலு பேர் அதே பொம்மையை எனக்கு ஆறுதலாகத் திருப்பிப் போட்டார்கள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. பழம் வாங்கிக்கொண்டு போனேன். உன் வீட்டு முன்னறையில் ஆறு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் மகள் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிறாளாமே, உன் உயரம் வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் எழுந்து, "வாங்க மாமி, ஒங்க கதைய எப்பமும் சொல்லுவா" என்று சொல்லிவிட்டு அவரே அடுப்பில் டீ போடப் போனார். அந்த டீயைக் குடித்துவிட்டுச் சொல்வது சரியில்லை என்று பட்டது. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பச் சொன்னேன்.

"அன்னிக்குப் பரீட்சை ஹாலுக்குப் பதில் போட்டது அவ இல்லை. நான்தான். அவ சீட்டுல ஒக்காந்து நான் போட்டேன். கேட்டப்போ அவ எழுத்துன்னு பொய் சொல்லிட்டேன்."

இவ்வளவுதான். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷம் சொல்லாமல் இருந்தது இந்த மூன்று வரியைத்தான்.

உன் மகள்தான் முதலில் பேசினாள். "அது நீங்கதானா ஆன்ட்டி?" என்றாள். "அம்மா சொல்லியிருக்கா, அந்த ஆளு ஒருநாள் வரும்னு." சொல்லிவிட்டு அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றார். "நான் செய்யல்ல, கூட இருந்த ஒருத்தி செஞ்சதுன்னா. அப்பம் பேரச் சொல்லுன்னேன். மாட்டேன்னுட்டா. நாமளா போய்க் கேட்டா இல்லன்னு சொல்லிருவா, ஒருக்கா இல்லன்னு சொல்லிட்டா பின்ன சாவுற வரைக்கும் அதையே பிடிச்சிட்டு நிக்கணும், அவளா வந்து சொல்லட்டும், பாவம்னு சொன்னா. பேரு சொல்லாததுனால நான் நம்பல்ல மாமி. நீதான் செஞ்சிருக்க, எனக்குப் பயந்து கத சொல்லுகன்னு ஏசினேன். அதுக்குப் பொறவு அவ அந்தப் பேச்சையே எடுக்கல்ல."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாலு வருசம் நான் அவள நம்பல்லியே" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். உன் மகள் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் எப்போது எழுந்தேன், எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வாசலில் பிள்ளைகள் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். உள்ளே போகலாமா டீச்சர் என்று ஒரு பெண் என்னைக் கேட்டது.

உன் வேலையைக் கெடுத்தேன், உன் பெயரைக் கெடுத்தேன் என்று மட்டும்தான் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அலுவலகத்தில் நீ தலைகுனிந்து நின்றது ஒரு நாள். வீட்டில் நின்றது நாலு வருஷம் என்று எனக்குத் தெரியாது. என் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் உன் புருஷன் உன்னை நம்பியிருப்பார். அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ சொல்லாமல் விட்ட அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.